பெரிய மிஸ்ஸியின் மூக்கு

என்னை முதலில் கூப்பிடவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கிற தர்ஷினி மிஸ்ஸி போன மாதம் வீட்டுக்கு வந்தாள். மருந்தடிக்கிற ஆட்களுக்கும் மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் ஒரு செய்முறைப் பாடம் நடத்தப்போகிறார்களாம். பூச்சிமருந்து உடம்பில் படாமல் எப்படி அடிப்பது, பட்டுவிட்டால் என்ன செய்வது என்று பழைய ஆள் ஒருவர் வந்து சொன்னால் எடுபடும் என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. தேத்தண்ணி ஊற்றி, பிஸ்கட்டும் எடுத்து வைத்தேன். அவள் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"பெரிய மிஸ்ஸியத்தாம்மா மொதல்ல கேட்டோம். அவங்களுக்கு முழங்கால் வலியாம். ஒங்களக் கேக்கச் சொன்னாங்க."

பிஸ்கட் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

பெரிய மிஸ்ஸி என்பது சரோஜினி. சின்ன மிஸ்ஸி நான், பாக்கியம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற, கட்டுப்போடுகிற பெண்களை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்பார்கள். எங்களுக்குள் பெரியது சின்னது என்பது வயதிலும் இல்லை, பதவியிலும் இல்லை. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், சம்பளமும் ஒன்றுதான். சரோஜினி சவுக்கு மரம் போல உயரம், நான் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி அளவு. சேர்ந்த வாரத்திலேயே யாரோ ஒரு கொழுந்தெடுக்கிற பெண் அடையாளத்துக்காக அப்படிச் சொல்லிவைக்க, அதுவே எங்களுக்குப் பெயராகிவிட்டது. பிறகு வந்தவர்கள் எல்லாரும் அவள் எனக்கு மேலதிகாரி என்றே நினைத்தார்கள். அவளும் ஒரு நாள்கூட இல்லை என்று சொன்னதில்லை. கேட்டால், "விடு புள்ள, பேருதானே" என்பாள். பெரிய பெயர் கிடைத்தவளுக்கு அது பேருதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊசிகளைக் கொதிக்க வைத்தோம், கட்டுத்துணி மடித்தோம், பிள்ளைகளின் எடை பார்த்தோம், அட்டை கடித்த கால்களுக்கு மருந்து போட்டோம். மற்றதையெல்லாம் டாக்டரையாவிடம்தான் கற்றுக்கொண்டோம். அவர் முழு டாக்டர் இல்லை, தோட்டத்து மருத்துவ உதவியாளர். ஆனால் எங்கள் மலையில் அவரைவிட்டால் வேறு டாக்டர் கிடையாது.

மெலிந்த ஆள். குரல் உயரவே உயராது. நோயாளியைக் கொண்டுவந்து கிடத்தினால் உடனே தொடமாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வருவார், குனிந்து மோந்து பார்ப்பார், பிறகு கண்ணைப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் கை முன்னால் வரும். "மொதல்ல மூக்கு, அப்புறம் கண்ணு, கடைசியாத்தான் கை" என்பார். நாங்கள் ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் அவர் புகழமாட்டார். சரோஜினிக்கு "ம்" என்பார். எனக்கு "பரவாயில்ல" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கூடவே நின்றவளுக்குத்தான் தெரியும். அந்த ஒரு "ம்"முக்காக நான் எத்தனையோ நாள் முறை முடிந்த பிறகும் அலமாரி துடைத்திருக்கிறேன்.

அவர் அடிக்கடி சொல்கிற பாடம் ஒன்று உண்டு. "நம்ம ஆளுகளுக்கு காய்ச்சல் குளிசையும் மருந்து, லீக்ஸ் பயிருக்கு அடிக்கிற வெசமும் மருந்து. ஒரே வார்த்த. அதனால மருந்துன்னு யாராச்சும் ஓடி வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க. எந்த மருந்து? எங்க பட்டுச்சு? பதில் வர்ற வரைக்கும் வார்த்தைய நம்பாதீங்க."

பூச்சிமருந்துகளில் ஒரு வகை இருந்தது. அதில் பலவற்றை இப்போது நிறுத்திவிட்டார்கள், சில வேறு பெயரில் இன்னும் சுற்றுகின்றன என்கிறார்கள். அது குடித்தால்தான் ஏறும் என்பதில்லை. தோல் வழியாகவும் ஏறும், மூச்சு வழியாகவும் ஏறும். ஏறிவிட்டால் உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வெளியே வரும். கண்ணீர், எச்சில், வேர்வை, சிறுநீர், எதுவும் நிற்காது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். தோலுக்கடியில் தசை புழு நெளிவதுபோலத் துடிக்கும். கடைசியில் நெஞ்சுக்குள்ளேயே நீர் கோத்து, தரையில் கிடக்கிற ஆள் ஆற்றில் முங்கினவன்போல மூச்சுக்குத் தவிப்பான். "இதுல மாத்து மருந்து அட்ரோபின். ஆனா சட்டைய கழட்டாம ஊசி போடுறது, ஓட்டக் கூரைக்குக் கீழ நின்னு தரைய தொடைக்கிற மாதிரி" என்பார் டாக்டரையா.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் முத்துராஜ் தேயிலை ஃபேக்டரியில் வேலை. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஓடையோரமாக ஒரு துண்டு நிலத்தில் லீக்ஸும் முட்டைக்கோவாவும் போட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுகில் மாட்டுகிற டேங்க்கோடு மருந்தடிக்கக் கிளம்பினார். மருந்தடிக்கவென்று ஒதுக்கி வைத்த பழைய சட்டை கொடியில் காயாமல் கிடந்தது. பெட்டிமேல் தீபாவளிக்கு நான் தலவாக்கலை டவுனில் எடுத்துக்கொடுத்த நீலக்கோடு போட்ட சட்டை இருந்தது. அவர் கண் அதன் மேல் போவதைப் பார்த்துவிட்டேன்.

"அதப் போட்டுக்கிட்டு மருந்தடிக்கப் போனீங்கன்னா வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று கத்தினேன். லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் 'நூறு' சொல்வார்கள். நான் கத்தியது கடைசிக் காம்பரா வரைக்கும் போயிருக்கும். கத்திவிட்டு நான் முறைக்குப் போய்விட்டேன்.

உச்சிப்பொழுதில் ஆஸ்பத்திரி வாசலில் சத்தம். பக்கத்துப் பாத்திக்காரர் சுப்பிரமணியும் வேறு சிலரும் ஒரு ஆளைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். "மருந்து குடிச்சிட்டாரு, மருந்து குடிச்சிட்டாரு" என்ற குரல் முன்னால் வந்தது. கம்பளிக்கு வெளியே தெரிந்த கால் என் வீட்டுக்காரருடையது.

வாயில் நுரை. உடம்பெல்லாம் வேர்வை, அதோடு நடுக்கம். எங்கள் ஊர்க் குளிரில் யார் நடுங்கினாலும் உடனே கம்பளியைச் சுற்றி, சூடாகத் தேத்தண்ணி வாயில் வைப்பார்கள். அவருக்கும் அதைத்தான் செய்திருந்தார்கள். சுப்பிரமணியின் சம்சாரம் கையில் உப்புத்தண்ணீர் டம்ளரோடு நின்றாள். பின்னால் நின்ற பெண்கள் பேசியது என் காதில் நன்றாகவே விழுந்தது.

"காலையில வீட்டுப் பக்கம் வராதன்னு சொன்னிச்சுல்ல. அதான் மனுசன் குடிச்சிட்டாரு."

பட்டதா, குடித்ததா? குடித்திருந்தால் குடிக்க வைத்தது நான். ஒரு சட்டைக்காகவா என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன். டாக்டரையா வெளியே வந்தார். முதல் வேலையாக உப்புத்தண்ணீர் டம்ளரை வாங்கிக் கீழே ஊற்றினார். "வாந்தி எடுக்க வைக்காதீங்க. நெனவில்லாத ஆளுக்கு அது நெஞ்சுக்குள்ள போயிரும்." பிறகு அதே இரண்டு கேள்வி. எந்த மருந்து, எங்க பட்டுச்சு?

யாருக்கும் தெரியவில்லை. "குடிச்சிட்டாருய்யா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். டாக்டரையா ஒருவனை மருந்துப் போத்தலை எடுத்துவரப் பாத்திக்கு ஓடச் சொன்னார்.

அன்றைக்கு சரோஜினிக்கு லீவு. லீவு நாளில்கூட ஓடி வந்தாள். எங்கே என்ன நடந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, டாக்டரையா செய்கிற மாதிரியே குனிந்தாள். என் வீட்டுக்காரர் வாயருகே மோந்தாள். கம்பளியை விலக்கி, ஸ்வெட்டருக்கு மேலே முதுகுப்பக்கம் மூக்கைக் கொண்டுபோனாள்.

"வாயில வாடையே இல்லீங்கய்யா. எல்லாம் முதுகுலதான் இருக்கு. டேங்க் ஒழுகியிருக்கு."

"ம்" என்றார் டாக்டரையா.

மறைப்பானேன். என் புருஷன் சாகக் கிடக்கிறார், எனக்கு வயிறு எரிந்தது. அந்த முதுகோடு எத்தனை வருடம் படுத்திருக்கிறேன். அதில் இருந்ததைக் கண்டுபிடிக்க அவள் மூக்கு வேண்டியிருந்தது. அந்த "ம்" என் காதில் இன்றைக்கும் இருக்கிறது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கம்பளியைத் தூர வீசினார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பீலிக்கரையில், குழாய்த் தண்ணீர் விழுகிற சிமெந்துத் தரையில், அவரை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தார்கள். ஊசி போடுகிற மெல்லிய கையுறை இந்த மருந்துக்குப் போதாது. அதனால் கழிவறை கழுவ வைத்திருந்த தடித்த ரப்பர் கையுறையை சரோஜினி மாட்டிக்கொண்டாள். நான் போய் அவர் ஸ்வெட்டரில் கை வைத்தேன்.

"நீ தொடாத" என்றார் டாக்டரையா. "வெறுங்கையோட தொட்டா அடுத்தது நீ. ஒன் கை நடுங்குது. உள்ள போய் அட்ரோபின் ஒடைச்சுக் குடு."

சரோஜினி கத்தரிக்கோலால் ஸ்வெட்டரை வெட்டினாள். தலைவழியாக இழுத்தால் முகத்தில் பட்டுவிடும், அதனால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். ஸ்வெட்டருக்குக் கீழே நீலக்கோடு போட்ட சட்டை. நான் பார்த்துவிடக் கூடாதென்று ஸ்வெட்டருக்குள் ஒளித்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். டேங்க் ஒழுகிச் சட்டை நனைந்தும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. நனைந்த துணியை ஸ்வெட்டர் தோலோடு ஒட்ட வைத்திருக்கிறது. அதற்குமேல் கம்பளியும் சேர்ந்து உள்ளே சூடேற்ற, மருந்து நன்றாக இறங்கியிருக்கிறது. கத்தரிக்கோல் அந்தச் சட்டையில் ஏறியபோது அவர் அரை நினைவில் கையைத் தூக்கித் தடுக்கப் பார்த்தார்.

சவுக்காரம் போட்டுக் கழுவினாள். முதுகு, அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னால், நகத்தடி, முடிவேர் என்று ஒரு இடம் விடவில்லை. தேய்த்துப் புண்ணாக்காமல், தண்ணீரை நிறுத்தாமல் கழுவினாள். வெந்நீர் கலந்து ஊற்ற ஒருத்தி, வாயில் வருகிற நுரையைத் துடைத்தெடுக்க ஒருத்தி. இந்தப் பக்கம் சரோஜினி கழுவிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் டாக்டரையா நரம்பில் அட்ரோபின் ஏற்றினார். ஒன்று முடிந்து மற்றது என்று காத்திருக்கவில்லை. நான் கண்ணாடிக் குப்பிகளின் கழுத்தை உடைத்து உடைத்துக் கொடுத்தேன். என் விரலெல்லாம் கீறல். ஆனால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கண்ணப் பாத்து ஏமாறாதீங்க, நெஞ்சக் கேளுங்க" என்றார் டாக்டரையா. நெஞ்சில் களகளவென்று கேட்கிற சத்தம் நிற்கிறவரை மருந்து போதவில்லை என்று அர்த்தம். கேட்பார், போதாதென்றால் முன்னைப்போல இரண்டு மடங்கு ஏற்றுவார், மறுபடியும் கேட்பார். ஒரு கட்டத்தில் நெஞ்சு கேட்கிற குழாயை சரோஜினியின் காதில் மாட்டிவிட்டு, "நீ கேளு" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இடப்பக்கம் காஞ்சிருச்சு. வலப்பக்கம் அடியில இன்னும் கொஞ்சம் இருக்குய்யா" என்றாள்.

தோட்டத்து வேன் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அங்கேதான் மூச்சுக்கு மெசின் இருந்தது. பாத்தியிலிருந்து வந்த போத்தலை லேபலோடு பையில் கட்டி வைத்தார்கள். அவரைப் படுக்க வைத்தபின் பின்பக்கம் ஒரு ஆள் முழங்காலிட மட்டும் இடம் இருந்தது. முன்னால் சிங்கள டிரைவர் பியசேனவும் மருந்துப் பெட்டியும் ஆக்சிஜன் உருளையும். டாக்டரையாவுக்கு வார்டில் பிரசவக் கேஸ் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்காக அவர் அவ்வளவு மெதுவாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"பாக்கியம், ஒருத்தர்தான் ஏறலாம். வழியில ஊசி போடணும், நெஞ்ச கேக்கணும். பொண்டாட்டிய அனுப்பவா, மிஸ்ஸிய அனுப்பவா? நீயே சொல்லு."

நானும் மிஸ்ஸிதானே ஐயா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் கையைப் பார்த்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது.

"பெரிய மிஸ்ஸி போகட்டும்" என்றேன்.

அவளை நான் அந்தப் பெயரில் சொன்னது அது ஒரு தடவைதான். வேன் வளைவில் திரும்பி மறைந்தது. நான் கீழே உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டு, வெட்டிப்போட்ட துணியையெல்லாம் பையில் அடைத்தேன். அதில் நீலக்கோட்டுச் சட்டையும் போனது.

அவர் பிழைத்தார். சும்மா பிழைக்கவில்லை. தெளிந்துவிட்டார் என்று எல்லாரும் மூச்சு விட்ட பிறகு கழுத்துத் தளர்ந்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போய், மெசினில் வைக்க வேண்டி வந்தது. இந்த மருந்துக்கு அப்படி ஒரு பின்குத்து உண்டு. அதனால்தான் நன்றாகத்தானே பேசுகிறான் என்று ஆளைச் சீக்கிரம் வீட்டுக்குக் கூட்டிவரக் கூடாது. லயத்து வாசலில் நின்று, "குடிக்கல, முதுகுல ஒழுகியிருக்கு, வாய்க்கு வந்தபடி பேசாதீங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவளும் சரோஜினிதான். அந்தக் கடனும் என் தலையில் ஏறியது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பியசேன தன் அரைகுறைத் தமிழில் ஒன்றைச் சொல்லித் தொலைத்தான். "மிஸ்ஸி, ஒங்க ஐயா வழி முழுக்க ஒரு பொம்பள பேரு சொல்லி சொல்லித்தான் வந்தாரு. வேன் சத்தம், என்ன பேரு கேக்கல."

அட்ரோபின் ஏறினால் ஆள் உளறும். காற்றில் கொழுந்து பறிப்பதுபோலக் கை அலையும். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என்ன பெயர்? அவர் முதுகைக் கழுவினவள், நெஞ்சைக் கேட்டவள், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் வேறொருத்தி. சரோஜினியிடம் கேட்டேன். "ஏதோ உளறினாரு, வெளங்கல" என்றாள். பிறகும் கேட்டேன். அதே பதில். அவரைக் கேட்டால் எதுவுமே ஞாபகமில்லை என்பார்.

அதன் பிறகு எங்கள் பாத்தியில் எது விளைந்தாலும் முதல் கட்டு சரோஜினி வீட்டுக்கு. அதுவும் வெள்ளையாக, நீளமாக, பொறுக்கியெடுத்த லீக்ஸ். எங்கள் சட்டிக்கு வருவது கோணலும் பூச்சி அரித்ததும். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "அவங்க இல்லாட்டி நான் ஏது?" என்றார். நானும்தான் குப்பி உடைத்தேன் என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

சரி, பெரட்டுக்களத்துப் பாடத்துக்கு வருகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பார்த்தாலும் எனக்குப் பொறாமைதான். விரலில் ஒன்றை மாட்டினால் இரத்தத்தில் காற்று எவ்வளவு என்று எண் வருகிறது. போன் போட்டால் ஆம்புலன்ஸ் மலையேறி வருகிறது, உள்ளே இரண்டு பேர் உட்காரலாம். எங்களுக்கு அந்த இரண்டாவது இடம் இருந்திருந்தால் என் வாழ்க்கையே வேறு.

நான் ஆட்களுக்கு என் பாஷையிலேயே சொன்னேன். டேங்கில் முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி ஒழுகுதா என்று பாருங்கள். காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். முனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதாதீர்கள். சோடாப் போத்தலில் மருந்தை மாற்றி வைக்காதீர்கள், பிள்ளை எடுத்துக் குடிக்கும். மருந்துத் துணியை வீட்டுத் துணியோடு ஊறப்போடாதீர்கள். குளிருதென்று நனைந்த சட்டைமேல் ஸ்வெட்டர் போடவே போடாதீர்கள், நடுங்குகிற ஆளைக் கம்பளியில் சுற்றும் முன்னால் உள்ளே துணி நனைந்திருக்கா என்று பாருங்கள். யாராவது மருந்து குடிச்சிட்டான் என்று கத்தினால், குடித்ததைப் பார்த்தாயா என்று கேளுங்கள்.

செய்து காட்ட நோயாளியாக ஒரு ஆள் வேண்டும் என்றாள் தர்ஷினி. என் வீட்டுக்காரர் தானே எழுந்து வந்து இடப்பக்கமாகப் படுத்துக்கொண்டார். நான் கையுறை மாட்டிக் கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாத. நல்ல சட்ட."

எல்லாரும் சிரித்தார்கள். பொத்தானைக் கழற்றி எடுத்தேன். அந்த முதுகில் சவுக்காரம் போட்டேன். இந்தத் தடவை கழுவியது நான். கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்திருப்பேன் போல.

"பெரிய மிஸ்ஸி மெதுவாத்தான் தேச்சாங்க" என்றார்.

"மயங்கிக் கெடந்த ஆளுக்கு அது மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றினேன். கூட்டம் கைதட்டியது.

சாயங்காலம் போன் அடித்தது. சரோஜினி.

"என்னடி, எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு. ஒன்னைய யாரும் தேடல."

"நகத்தடி, காதுக்குப் பின்னால எல்லாம் சொன்னியா?"

"சொன்னேன்" என்றேன். நகத்தடியைச் சொல்ல மறந்திருந்தேன்.

"சட்டைய வெட்டிக் காமிச்சியா?"

"எங்க வெட்ட விட்டாரு? நல்ல சட்டையாம்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, ஏதோ நேற்று நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "அன்னைக்கும் இதே கததான். வேன் போய்ச் சேர்ற வரைக்கும் அதே பொலம்பல். 'சட்டைய வெட்டிட்டாங்க, பாக்கியம் வையும். பாக்கியத்துக்கிட்ட சொல்லாதீங்க. பாக்கியம் எங்க, பாக்கியம்'னு. ஒவ்வொரு ஊசிக்கும் ஒம் பேருதான். என் கையப் புடிச்சுக்கிட்டு ஒன்னையத்தான் தேடினாரு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இத்தன வருசமா எத்தன தடவ கேட்டிருப்பேன். ஏன்டி சொல்லல?"

அவள் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் போனில் கேட்டது. அவளுக்கென்று மட்டும் கொதிக்கிற தண்ணீர். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு நடக்கவே இல்லை.

"ஏன், பொறாம ஒனக்கு மட்டுந்தான் வருமா?" என்றாள் சரோஜினி.